தாழ்வழுத்த மின்வலைகளில் குறுக்குச்சுற்று மின்னோட்டக் கணிப்பு: வரலாறும் பொதட்டூர்பேட்டை எடுத்துக்காட்டும்

குறுக்குச்சுற்று மின்னோட்டக் கணிப்பு என்பது, ஒரு மின்வலையில் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டாலோ, ஒரு கம்பி நிலத்தோடு இணைந்தாலோ அந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் பாயும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு அறியும் முறையாகும். பியூஸ், எம்சிபி, கேபிள், சுவிட்ச் பலகை ஆகியவற்றின் அளவை முடிவு செய்ய இந்தக் கணக்கே அடிப்படை. தொடக்கத்தில் இது தாளிலும் பென்சிலிலும் செய்யப்பட்டது. பின்னர் மாதிரி மின்வலைகளிலும், 1960-களிலிருந்து கணினியிலும் செய்யப்பட்டு வருகிறது. பெரிய ஆலைகளுக்கு மட்டும் உரியது என்று கருதப்படும் இக்கணக்கு, விசைத்தறி ஊர்களின் சிறு தறிக்கூடங்களுக்கும் அதே அளவு தேவையானது. அங்கே ஆபத்து வேறு வடிவில் இருக்கிறது என்பதை இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டம் பொதட்டூர்பேட்டையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

சொல்லும் பொருளும்

தீ விபத்துச் செய்திகளில் "மின்கசிவே காரணம்" என்று எழுதுவது வழக்கம். ஆனால் மின்கசிவு வேறு, குறுக்குச்சுற்று வேறு. மின்கசிவில் காப்பு நலிந்து சில மில்லி ஆம்பியர் முதல் சில ஆம்பியர் வரை நிலத்துக்குப் போகும். குறுக்குச்சுற்றில் மின்னோட்டம் தன் வழக்கமான பாதையாகிய மோட்டாரையோ விளக்கையோ விட்டுவிட்டு, கம்பியிலிருந்து கம்பிக்கு நேராகத் தாவுகிறது. அப்போது அதைத் தடுக்க மிஞ்சியிருப்பது டிரான்ஸ்பார்மரின் உள் எதிர்ப்பும் கம்பிகளின் எதிர்ப்பும் மட்டுமே.

மாறுதிசை மின்சாரத்தில் இந்த எதிர்ப்பு, மின்தடை, மின்மறுப்பு என்ற இரண்டும் சேர்ந்தது. இரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால் கர்ணமே மொத்த மின்எதிர்ப்பு. தொழிலில் இதை இம்பிடன்ஸ் என்பார்கள். மின்னழுத்தத்தை மின்எதிர்ப்பால் வகுத்தால் குறுக்குச்சுற்று மின்னோட்டம் கிடைக்கும். பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓமின் விதிதான் இக்கணிப்பின் முதல் படி.

தொடக்க காலம்

ஜெர்மானியரான கியோர்க் ஓம் தம் விதியை 1827-இல் வெளியிட்டார். கிளைகள் பல கொண்ட சுற்றுகளுக்கான விதிகளை 1845-இல் கிர்க்காஃப் தந்தார். எவ்வளவு சிக்கலான வலையையும் ஒரே ஓர் மின்னழுத்த மூலமாகவும் ஒரே ஓர் எதிர்ப்பாகவும் சுருக்கிவிடலாம் என்பதை 1883-இல் பிரான்சின் தந்திப் பொறியாளர் லெயோன் தெவனின் காட்டினார். இன்றைய மென்பொருள்களும் பழுது நேரும் இடத்திலிருந்து வலையை நோக்கி இதே சுருக்கத்தைத்தான் செய்கின்றன.

மின் வழங்கல் தொடங்கிய நாள்களில் மின்னாக்கிகள் சிறியவை. பழுது நேர்ந்தால் ஒரு மென்கம்பி உருகிச் சுற்றைத் துண்டித்துவிடும். எடிசன் தம் மின் வழங்கல் அமைப்புக்கு 1880-இலேயே இத்தகைய உருகு கம்பிக்குக் காப்புரிமை கோரினார். மின்நிலையங்கள் பெருகி ஒன்றோடொன்று இணைக்கப்பட்டபோது நிலைமை மாறியது. துண்டிக்க வேண்டிய மின்னோட்டம் பல்லாயிரம் ஆம்பியராக உயர்ந்தது. துண்டிக்கும் கருவியே வெடித்துச் சிதறக்கூடும் என்ற நிலையில், "எவ்வளவு பாயும்?" என்பதை வாங்கும் முன்பே அறிந்தாக வேண்டியிருந்தது.

மூன்று கட்டங்களும் ஒருசேரத் தொடும் பழுதைக் கணக்கிடுவது எளிது. ஒரு கட்டத்தைக் கணக்கிட்டால் மற்ற இரண்டும் அதே அளவே. நடைமுறையில் அதிகம் நேர்வது ஒரு கட்டம் மட்டும் நிலத்தையோ நியூட்ரலையோ தொடும் பழுது. சமநிலை குலைந்த இந்த நிலையைக் கணக்கிட வழி காட்டியவர் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கனடியர் சார்லஸ் ஃபோர்டெஸ்கியூ. சமநிலையற்ற மூன்று மின்னோட்டங்களைச் சமநிலையுள்ள மூன்று தொகுதிகளாகப் பிரிக்கலாம் என்று அவர் 1918-இல் அளித்த ஆய்வுரை நிறுவியது. அதைப் பொறியாளர்கள் அன்றாடம் கையாளும் முறையாக்கியதில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் எடித் கிளார்க்குக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய பாடநூல் 1943-இல் வெளிவந்தது.

வீடுகளிலும் சிறு தொழிற்கூடங்களிலும் இன்று காணும் எம்சிபியின் மூதாதையை 1924-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த ஹூகோ ஸ்டாட்ஸ் உருவாக்கினார். அதில் இரண்டு உறுப்புகள் உண்டு. மிகைச் சுமைக்கு மெதுவாக வளைந்து திறக்கும் ஈருலோகப் பட்டை ஒன்று. குறுக்குச்சுற்றுக்கு நொடியில் திறக்கும் மின்காந்தம் மற்றொன்று. பாயும் மின்னோட்டம் போதிய அளவு இருந்தால்தான் மின்காந்தம் இயங்கும். இந்தக் குறிப்பைப் பின்னால் மீண்டும் காண்போம்.

தமிழ்நாட்டு மின்வலையின் வளர்ச்சி

சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கியது. மாநிலம் தழுவிய வலைக்கு அடித்தளம் இட்டவை நீர்மின் நிலையங்களே: நீலகிரியில் பைக்காரா 1932-இலும், மேட்டூர் அணை மின்நிலையம் 1937-இலும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. பைக்காரா மின்சாரமே கோயம்புத்தூரின் பஞ்சாலைகள் பெருகக் காரணங்களுள் ஒன்று. 1957 ஜூலை 1 அன்று சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. பின்னாளில் அது தமிழ்நாடு மின்சார வாரியம் எனப் பெயர் பெற்று, 2010-இல் உற்பத்தி-பகிர்மானம், மின் தொடரமைப்பு எனத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிந்தது.

பஞ்சாலைக்கும் விசைத்தறிக் கூடத்துக்கும் மின் வழங்கும் முறையில் ஒரு வேறுபாடு உண்டு. பஞ்சாலை உயரழுத்த இணைப்பு பெற்று, தன் வளாகத்திலேயே சொந்த டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளும். அங்கே மின்பொறியாளர் இருப்பார், வரைபடம் இருக்கும். விசைத்தறிக் கூடமோ தெருமுனையில் உள்ள வாரிய டிரான்ஸ்பார்மரிலிருந்து தாழ்வழுத்த இணைப்பு பெறும். ஒரே டிரான்ஸ்பார்மரில் வீடுகளும் கடைகளும் தறிகளும் சேர்ந்து தொங்கும்.

பொதட்டூர்பேட்டை

திருத்தணிக்கு அருகே, ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டு வட்டத்தில் உள்ள பேரூராட்சி பொதட்டூர்பேட்டை. நெசவே இவ்வூரின் முதன்மைத் தொழில். 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது இப்பகுதி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. ம. பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியோடு சென்னை மாநிலத்தில் இணைந்தது. அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்க்கப்பட்ட இப்பகுதி, 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற ஊர்களில் கைத்தறி இருந்த இடத்தில் விசைத்தறி வந்தபோது, மனிதக் காலும் கையும் செய்த வேலையை மோட்டார் ஏற்றது. தறி ஒன்றுக்கு ஏறத்தாழ 1 குதிரைத்திறன் மோட்டார் போதும். எட்டுத் தறி உள்ள கூடத்துக்குக் கட்டத்துக்கு ஏறத்தாழ 15 ஆம்பியர் தேவைப்படும். இது பெரிய சுமை அன்று. ஆனால் பஞ்சுத் துகள் மிதக்கும், நூலும் துணியும் அடுக்கிய அறையில் அந்தச் சுமை ஓடுகிறது.

மின்சாரம் குறித்த நெசவாளர் கோரிக்கைகள் பெரும்பாலும் கட்டணத்தைச் சுற்றியே அமைந்தன. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் இலவச மின்சாரம் 2006-இல் அறிவிக்கப்பட்டது. அது 2016-இல் 750 யூனிட்டாகவும், 2023-இல் 1000 யூனிட்டாகவும் உயர்ந்தது. யூனிட் குறித்து இவ்வளவு பேச்சு நடந்த அளவுக்கு, பழுதின்போது தறிக்கூடத்தில் எத்தனை ஆம்பியர் பாயும் என்ற கேள்வி பொதுவில் எழவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு

விசைத்தறித் தெரு ஒன்றுக்கான மாதிரிக் கணக்கு இது; குறிப்பிட்ட ஒரு தெருவில் அளந்ததன்று. டிரான்ஸ்பார்மர் 100 கேவிஏ. 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதன் பெயர்ப்பலகையில் மின்எதிர்ப்பு 4.5 விழுக்காடு என்று இருக்கும். தெருவில் 35 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி 500 மீட்டர் ஓடுகிறது. கம்பத்திலிருந்து கூடத்துக்குள் 4 சதுர மில்லிமீட்டர் அலுமினிய வயர் 30 மீட்டர் போகிறது.

முதல் இடம், டிரான்ஸ்பார்மரின் அடி. முழுச்சுமை மின்னோட்டம் 133 ஆம்பியர். அதை 0.045-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2,960 ஆம்பியர். அதாவது அங்கே பழுது நேர்ந்தால் முழுச்சுமையைப் போல் 22 மடங்கு பாயும்.

இரண்டாம் இடம், தெருவின் கடைசிக் கம்பம். 500 மீட்டர் கம்பியின் மின்தடை 0.4 ஓம். ஒரு கட்டம் நியூட்ரலைத் தொட்டால் மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டும், ஆகவே 0.8 ஓம். கம்பிகளின் மின்மறுப்பு ஏறத்தாழ 0.3 ஓம். டிரான்ஸ்பார்மரின் பங்கையும் சேர்த்தால் மொத்த மின்எதிர்ப்பு 0.91 ஓம் அளவில் வரும். 250 வோல்ட்டை இதனால் வகுத்தால் ஏறத்தாழ 273 ஆம்பியர்.

மூன்றாம் இடம், தறிக்கூடத்தின் உள். வயரின் போக்குவரத்துத் தடை மேலும் 0.42 ஓம். மின்னோட்டம் 190 ஆம்பியராகக் குறைகிறது. இவை 20 பாகை வெப்பநிலைக்கான எண்கள். கம்பி சூடேறி 80 பாகையில் இருப்பதாகவும், மின்னழுத்தம் 5 விழுக்காடு குறைந்திருப்பதாகவும் கொண்டால் 150 ஆம்பியர் அளவே பாயும்.

டிரான்ஸ்பார்மர் அடியில் 2,960, தறிக்கூடத்தில் 150: ஏறத்தாழ 20 மடங்கு வேறுபாடு. மின்காப்புக் கருவி இந்த இரு முனைகளுக்கும் ஈடுகொடுக்க வேண்டும். கூடத்தில் சி வகை 32 ஆம்பியர் எம்சிபி இருப்பதாகக் கொள்வோம். அதன் மின்காந்தம் 5 முதல் 10 மடங்குக்குள், அதாவது 160 முதல் 320 ஆம்பியருக்குள் இயங்கும். 150 ஆம்பியர் அதை எட்டவில்லை. ஆகவே ஈருலோகப் பட்டை சூடேறி வளையும் வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பல விநாடிகள் ஆகலாம். இடைப்பட்ட நேரத்தில் வயர் என்ன ஆகும்? பிவிசி உறையிட்ட அலுமினிய வயருக்கு, குறுக்குப் பரப்பை 76-ஆல் பெருக்கி, மின்னோட்டத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தினால் அது தாங்கும் விநாடிகள் கிடைக்கும். 4 சதுர மில்லிமீட்டருக்கும் 150 ஆம்பியருக்கும் இது ஏறத்தாழ 4 விநாடி. எம்சிபி திறக்கும் முன்பே வயரின் உறை இளகிவிடக்கூடும்.

"குறுக்குச்சுற்று என்றால் பெருமின்னோட்டம், பெருமின்னோட்டம் என்றால் ஆபத்து" என்ற பொதுவான எண்ணம் பாதி உண்மைதான். டிரான்ஸ்பார்மருக்கு அருகே மின்னோட்டம் மிகுவதே ஆபத்து. நீண்ட தெருவின் கடைக்கோடியில் மின்னோட்டம் போதாமல் இருப்பதே ஆபத்து. பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டிவிடும் பழக்கம் இந்தக் கடைக்கோடியில்தான் பெருங்கேடு. இதற்குத் தீர்வு ஒன்றல்ல: கூடத்து வயரைத் தடிப்பாக்கலாம், குறைந்த மடங்கில் இயங்கும் பி வகை அல்லது சிறிய அளவு எம்சிபியை மோட்டாரின் தொடக்க மின்னோட்டத்தைப் பார்த்துப் பொருத்தலாம், டிரான்ஸ்பார்மரைத் தறிகளுக்கு அருகே கொண்டுவரலாம்.

பெரிய ஆலையில் நிலைமை நேர்மாறு. 1,000 கேவிஏ, 5 விழுக்காடு மின்எதிர்ப்புள்ள டிரான்ஸ்பார்மரின் அடியில் ஏறத்தாழ 26,700 ஆம்பியர் பாயும். 10,000 ஆம்பியரை மட்டுமே துண்டிக்கவல்ல எம்சிபியை அங்கே நேராகப் பொருத்தினால் அது உடைந்து சிதறலாம். 36,000 அல்லது 50,000 ஆம்பியர் துண்டிப்புத் திறனுள்ள எம்சிசிபி அங்கே தேவை.

மாதிரி வலையிலிருந்து கணினிக்கு

மேலே கண்டது ஒரே டிரான்ஸ்பார்மர், ஒரே கிளை. நூறு கிளைகள் கொண்ட வலைக்கு இதைக் கையால் செய்ய நாள்கணக்கில் ஆகும். முதலில் கிடைத்த மாற்று, வலையையே சிறிய அளவில் கட்டிப் பார்ப்பது. அமெரிக்காவின் எம்ஐடியும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் சேர்ந்து 1929-இல் மாறுதிசை மின்வலை மாதிரி ஒன்றை அமைத்தன. அறை நிறைய அடுக்கிய தடைகளும் கம்பிச்சுருள்களும் உண்மையான மின்வலையைப் போலவே இணைக்கப்பட்டன. வேண்டிய இடத்தில் பழுதை உண்டாக்கி, பாயும் மின்னோட்டத்தை மீட்டரில் படித்தார்கள்.

கணினி வந்தபின் இந்த மாதிரிகள் வழக்கொழிந்தன. 1960-இல் ஹோமர் பிரவுனும் உடன் பணியாற்றியோரும், வலையின் மின்எதிர்ப்புகளை அணிக்கோவையாக அமைத்து மும்முனைப் பழுதைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். ஒருமுறை அணியை உருவாக்கிவிட்டால் வலையின் எந்த முனையிலும் பழுதைக் கணக்கிடலாம் என்பது இதன் சிறப்பு. 1968-இல் வெளிவந்த ஸ்டாக், எல்-அபியாத் ஆகியோரின் நூல் இதைக் கல்லூரிப் பாடமாக்கியது.

இந்தியாவில் கான்பூர் ஐஐடியில் 1963-இலும், சென்னை ஐஐடியில் 1973-இலும் ஐபிஎம் கணினிகள் நிறுவப்பட்டபின் பொறியியல் மாணவர்களுக்கு இத்தகைய கணிப்புகள் கைக்கு எட்டின. நாக்ராத், கோத்தாரி ஆகியோரின் மின்தொகுதிப் பகுப்பாய்வு நூல் 1980-இல் வெளிவந்து, தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளிலும் பரவலாகப் படிக்கப்பட்டது. கணக்கு சொல்வதைக் கருவி தாங்குமா என்று சோதிக்கும் பணியை, 1960-இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட மத்திய மின்னாற்றல் ஆராய்ச்சி நிறுவனம் செய்துவருகிறது.

தரநிலைகள்

ஒரே வலைக்கு இரு பொறியாளர்கள் இருவேறு விடை தந்தால் பயனில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் ஒருமை வேண்டும். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1988-இல் ஐஇசி 909 என்ற தரநிலையை வெளியிட்டது. அதுவே பின்னர் ஐஇசி 60909 ஆகி, 2001-லும் 2016-லும் புதிய பதிப்புகள் கண்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1992-இல் ஐஎஸ் 13234 என்ற வழிகாட்டியை வெளியிட்டது.

இத்தரநிலை உச்சம், குறைந்தது என இரண்டு கணக்குகளைத் தனித்தனியே கேட்கிறது. உச்சக் கணக்கில் மின்னழுத்தத்தை 5 அல்லது 10 விழுக்காடு கூட்டி, கம்பிகளைக் குளிர்ந்தவையாகக் கொள்ள வேண்டும். இது கருவியின் துண்டிப்புத் திறனுக்கானது. குறைந்த கணக்கில் மின்னழுத்தத்தைக் குறைத்து, கம்பிகளைச் சூடானவையாகக் கொள்ள வேண்டும். இது கருவி உரிய நேரத்தில் இயங்குமா என்பதற்கானது.

மோட்டார்களுக்கும் ஒரு விதி உண்டு. பழுது நேர்ந்த கணத்தில் சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார்கள் சிறிது நேரம் மின்னாக்கிகளாக மாறிப் பழுதுக்கு மின்னோட்டம் ஊட்டும். மோட்டார்களின் மொத்த மின்னோட்டம், அவற்றைச் சேர்க்காமல் கணித்த பழுது மின்னோட்டத்தில் 1 விழுக்காட்டுக்குள் இருந்தால் இதை விட்டுவிடலாம். டிரான்ஸ்பார்மர் அடியில் கணித்த 2,960 ஆம்பியரோடு ஒப்பிட்டால் எட்டுத் தறிகளின் 15 ஆம்பியர் அரை விழுக்காடுதான். அதே டிரான்ஸ்பார்மரில் 60 தறிகள் ஓடினால் 100 ஆம்பியரைத் தாண்டும். அப்போது விட முடியாது.

மென்பொருள்கள்

தனிமேசைக் கணினி பரவியபின், அமெரிக்காவில் 1972-இல் தொடங்கிய எஸ்கேஎம், 1986-இல் தொடங்கிய ஈடாப் ஆகியவையும், ஜெர்மனியின் டிக்சைலன்ட் நிறுவனத்தின் பவர்ஃபேக்டரியும் தொழிற்சாலைக் கணிப்புகளில் இடம்பிடித்தன. இந்தியாவிலேயே உருவானது மைபவர். இதை 1994-இல் தொடங்கப்பட்ட பெங்களூரு நிறுவனமான பிஆர்டிசி வெளியிடுகிறது. சுவிட்ச்கியர் நிறுவனங்களும் தத்தம் கருவிகளைத் தேர்ந்தெடுக்க உதவும் மென்பொருள்களைத் தருகின்றன.

விலை கொடுக்க முடியாத மாணவர்களுக்கு உகந்தது பாண்டாபவர். ஜெர்மனியின் காசல் பல்கலைக்கழகமும் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் உருவாக்கிய இது கட்டற்ற மென்பொருள். பைத்தான் மொழியில் இயங்குகிறது. ஐஇசி 60909 முறைப்படி உச்சம், குறைந்தது என்ற இரண்டு கணிப்புகளையும் செய்யவல்லது.

பயனர் வரைபடத்தில் டிரான்ஸ்பார்மர், கேபிள், மோட்டார் ஆகியவற்றை வைத்து விவரங்களை நிரப்பினால், மென்பொருள் அணிக்கோவையை அமைத்து ஒவ்வொரு முனையிலும் பழுது மின்னோட்டத்தை நொடியில் தந்துவிடும். கருவியின் துண்டிப்புத் திறன் போதாத இடங்களைச் சுட்டிக்காட்டும். அடுத்தடுத்த கருவிகளில் பழுதுக்கு அருகில் உள்ளதே முதலில் திறக்கிறதா என்பதையும் வரைகோடுகளாகக் காட்டும்.

மென்பொருளின் எல்லை

மென்பொருள் தரும் விடை, உள்ளிடும் விவரத்தைத் தாண்டி உண்மையாக முடியாது. விசைத்தறி ஊர்களில் கடினமானது கணக்கன்று, விவரமே. கம்பி எத்தனை மீட்டர், எந்த அளவு, நடுவே எத்தனை இணைப்புகள் என்பது பல கூடங்களில் எழுதி வைக்கப்படுவதில்லை. பழைய வயரோடு புதிய வயரை முறுக்கி ஒட்டிய இணைப்பின் தடை எந்த நூலிலும் இருக்காது. தேய்ந்த நியூட்ரலும் துருப்பிடித்த எர்த் கம்பியும் வரைபடத்தில் புதியவை போலவே தெரியும்.

இன்னொரு குறை, உச்சக் கணக்கை மட்டும் செய்து நிறுத்திவிடுவது. கருவி வாங்கும்போது துண்டிப்புத் திறன் கேட்கப்படுவதால் அது மறவாமல் செய்யப்படுகிறது. குறைந்த மின்னோட்டக் கணக்கை யாரும் கேட்பதில்லை. பெரிய ஆலைகளில் கேபிள்கள் தடித்தவை என்பதால் இந்த விடுபாடு பெரும்பாலும் தப்பிவிடும். நீண்ட தாழ்வழுத்தத் தெருக்களில் தப்பாது.

இந்தியாவில் மின் பாதுகாப்புக்கு 1956-ஆம் ஆண்டு விதிகள் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தன. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பின், மத்திய மின்சார ஆணையம் 2010-லும் 2023-லும் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. விதி இருந்தாலும், எட்டுத் தறிக் கூடத்தில் அதைச் செயல்படுத்துவது கடைசியில் வயரிங் செய்பவரின் கையில்தான் இருக்கிறது.

மாணவர்களுக்கு

இக்கணிப்பைக் கற்க ஆலையோ ஆய்வகமோ தேவையில்லை. மேலே தந்த மூன்று இடங்களையும் முதலில் தாளில் கணக்கிட்டு, பிறகு பாண்டாபவரில் அதே விவரங்களை இட்டு ஒப்பிடலாம். விடைகள் சற்று மாறினால், மின்னழுத்தக் காரணி, வெப்பநிலை, 11,000 வோல்ட் வலையின் சொந்த எதிர்ப்பு ஆகிய மூன்றில் எது காரணம் என்று தேட வேண்டும். பின்னர் தெருவின் நீளத்தை 500 மீட்டரிலிருந்து 200 ஆகவும் 800 ஆகவும் மாற்றிப் பார்க்கலாம். எம்சிபி உடனே இயங்கும் நீளம் எங்கே முடிகிறது என்பது அப்போது தெரியும். இவை அனைத்தும் தாளிலும் கணினியிலும் செய்ய வேண்டியவை. டிரான்ஸ்பார்மரையோ கம்பத்தையோ நெருங்கிப் பார்க்கக் கூடாது. கூடத்தில் உண்மையான அளவீடு தேவையானால், கண்ணி மின்எதிர்ப்பை அளக்கும் கருவியுடன் உரிமம் பெற்ற மின்பணியாளரே அதைச் செய்ய வேண்டும்.